இருசப்பன் சாரின் பீரோ

இருசப்பனை ஊரில் எல்லோரும் சார் என்கிறார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் அவருடைய ‘உயர்கல்வி வழிகாட்டி மையம்’ இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை என்னுடையது. ஒன்பது வருஷமாகச் சுவரோடு சுவராக இருந்து பார்த்தவன் சொல்கிறேன்: சார் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய கேவலம் வர முடியாது.

பிறந்தது எலவனாசூர்கோட்டைப் பக்கம். பன்னிரண்டாவதில் கணக்கில் கோட் அடித்து ஃபெயிலானவர். முதலில் மாட்டுத் தரகு. அப்புறம் உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓரத்தில் மனைத் தரகு. அதுவும் படுத்துவிடவே, ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கல்விக்கு வந்துவிட்டார். அன்றைக்கு மாட்டுக்குப் பல்லைப் பார்த்தார், இன்றைக்குப் பிள்ளைக்கு மார்க்கைப் பார்க்கிறார். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சொந்த மகன் அஜித்தை அவரே வழிகாட்டித்தான் இன்ஜினீயரிங் சேர்த்தார். அவன் மூன்று வருஷமாக அரியர் எழுதிக்கொண்டிருக்கிறான். போகாத ஊருக்கு வழி சொல்வது என்பார்களே, அதற்கு போர்டு மாட்டி சீரியல் லைட்டும் போட்டவர் இவர் ஒருவர்தான்.

பிள்ளைக்கு என்ன படிக்கப் பிரியம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. வாயைத் திறந்தாலே “ஒரிஜினல் குடுங்க, வெரிஃபிகேஷன் பண்ணணும்” என்பார். டீசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றும் அவருடைய பச்சை பீரோவுக்குள் போய்விடும். ஒரிஜினல் இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. அதனால் அவர் எங்கே கை காட்டுகிறாரோ அங்கேதான் பிள்ளை போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவர் கை காட்டுகிற இடம் நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் கல்லூரி ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று அங்கே அவருக்குக் கமிஷன்.

இந்தப் பெற்றோரைச் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டை மூன்று பைக்குள் சுற்றி வைக்கிறவர்கள், பிள்ளையின் பன்னிரண்டு வருஷப் படிப்பைக் கேட்ட உடனே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால், “வூடு ஒழுவுதுங்க, சார்கிட்ட இரும்பு பீரோ கீது” என்பார்கள். கொடுத்துவிட்டுக் கும்பிடும் போட்டுவிட்டுப் போவார்கள்.

வடக்கனந்தல் பாவாடையும் அப்படித்தான் கொடுத்தான். அவனும் அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளும் கூலி வேலை செய்கிறவர்கள். ஒரே மகள் சந்தியா, அறுநூறுக்கு ஐந்நூற்று முப்பத்தொன்று. கணக்கில் தொண்ணூற்றெட்டு. ஒரிஜினலை என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள். “இன்னா படிக்கப் போற?” என்றேன். “கணக்குதான்” என்றது பெண், வேறு ஏதாவது இருக்கிறதா என்பது மாதிரி. அரசு கலைக் கல்லூரிக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர் மூலம் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தது. இருந்தும் நாலு பேர் சொன்னார்கள் என்று பாவாடை பக்கத்தில் சாருடைய மையத்துக்குள் நுழைந்தான். வெளியே வரும்போது கை வெறுங்கையாக இருந்தது.

ஜூன் மாதம் அரசு கல்லூரியிலிருந்து போனுக்குத் தகவல் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கலந்தாய்வு, ஒரிஜினலோடு வர வேண்டும். தவறினால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒரிஜினலைக் கேட்டுப் பாவாடை சாரிடம் மூன்று நாள் நடந்தான். முதல் நாள் சார் ஊரில் இல்லை. இரண்டாம் நாள், “யோவ், கணக்குப் படிச்சி இன்னா பண்ணப் போவுது? ஆபரேஷன் தியேட்டர் கோர்ஸ் சேத்து வுடு, வெள்ளக் கோட்டு போட்டுக்கினு போவும்” என்றார். மூன்றாம் நாள், “ஒரிஜினல் காலேஜ்ல குடுத்தாச்சிய்யா, இனிமே வராது” என்று முடித்துவிட்டார்.

பச்சைப் பொய். அன்று காலையில்தான் சார் சாவியைக் கொடுத்து ஒரு ஃபைல் எடுக்கச் சொன்னார் என்று அவருடைய பீரோவைத் திறந்தேன். இரண்டாவது தட்டில் சந்தியா என்று எழுதிய கவர் இருந்தது. பாவாடை என் கடை வாசலில் நின்று, “அண்ணே, நெசமாவே போயிட்ச்சா?” என்றான். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கு வருகிற கூட்டம்தான் எனக்கும் கூட்டம். அந்த நேரத்தில் அதுதான் என் நினைப்பில் இருந்தது. இருசப்பனைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இருசப்பனிடமிருந்து போன். குரலில் அந்த ‘வெரிஃபிகேஷன்’ தோரணை இல்லை.

“மேசை டிராயர்ல சாவி கீது. பீரோவத் தொறந்து அந்தப் பாவாடை பொண்ணு கவர எடுத்துக்கினு வடக்கனந்தல் கழனிக்கு வா. சீக்கிரம் வாய்யா!”

போய்ப் பார்த்தேன். இருசப்பனுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நஞ்சை. மலையில் மழை பெய்து ஏரியில் தண்ணீர் இருந்தது. விடியற்காலையிலேயே நாற்றைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாக வயலில் வீசிவிட்டார்கள். நடவு ஆட்களைக் கூட்டி வருகிறவள் யார் என்று மட்டும் வழிகாட்டி விசாரிக்கவில்லை. கொளஞ்சியம்மாள்தான். பதினாறு பெண்கள், சந்தியாவும் சேர்ந்து, சேற்றில் இறங்காமல் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேலைக்கி வந்தவ ஒக்காந்துக்கினு இருந்தா இன்னா அர்த்தம்?” என்று சார் கத்தினாராம். அப்புறம் சிரித்தாராம். அப்புறம் பெண் கல்வியைப் பற்றிப் பேசினாராம். வேறு ஆளுக்குப் போன் போட்டார், அந்த வாரம் எவளும் கிடைக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்றின் நுனி சுருள ஆரம்பித்திருந்தது.

கொளஞ்சியம்மாள் கத்தவே இல்லையாம். ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறாள். “எம் பொண்ணு காயிதம் வரட்டும் சார். அப்புறம் ஒன் நாத்து.”

கவரை நீட்டினேன். சந்தியா வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து அம்மாவிடம் தலையாட்டியது. “எறங்குங்கடி” என்றாள் கொளஞ்சியம்மாள். இறங்கினார்கள். கோணல் இல்லாமல், கயிறு பிடித்த மாதிரி நட்டார்கள். அவருக்குப் போய் அப்படி நட்டார்கள் என்று எனக்கே ஆத்திரமாக இருந்தது.

சார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “நம்மகிட்ட இருந்ததாலதான் பத்திரமா இருந்திச்சி. இவுங்க வூட்ல இருந்திருந்தா கரையான் தின்னுருக்கும்.” வெட்கம் என்று ஒரு சரக்கு உண்டு, அது அவருடைய எந்தத் தரகிலும் கைமாறவில்லை.

நான் வண்டியை எடுக்கும்போது கொளஞ்சியம்மாள் சேற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“தேடவே இல்லியே நீ. போன் வந்து அரை மணி நேரத்துல வந்துட்ட” என்றாள்.

வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு அம்மாவும் மகளும் என் கடைக்கு வந்தார்கள். கலந்தாய்வுக்கு எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் வேண்டும். வழக்கம்போலக் கையை நீட்டினேன். கொளஞ்சியம்மாள் கவரைக் கொடுக்கவில்லை. கவுன்ட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நகக்கண்ணில் இன்னும் சாருடைய கழனிச் சேறு இருந்தது. மிஷின் மூடியை அவளே தூக்கினாள். டீசியைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“நானே வெக்கிறேன்” என்றாள். “நீ பட்டன மட்டும் அழுத்து.”

அழுத்தினேன்.