சகலை தலையில் கட்டிய டார்கெட்

லிஃப்ட் ரிப்பேர்காரர்களில் அவரைப் போலக் கறாரான ஆளைத் தேடினாலும் கிடைக்காது. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. இரும்புக் கயிற்றில் கணக்குக்கு மேல் ஒரு பிரி அறுந்திருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். கட்டடத்துக்காரர் கெஞ்சினாலும் சரி, மேலதிகாரிக்குப் போன் போட்டு நீட்டினாலும் சரி, ‘ஓடாது’ என்ற பலகையை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்தச் சகலையிடம் போய் இப்படி ஒரு காரியம் செய்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவருக்கு வில்லும் அம்பும்தான். அவர்கள் இருக்கும் நாட்டில் சட்டம் அனுமதிப்பதால், குளிர்காலத்தில் லைசென்ஸ் வாங்கிக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். மனைவியின் தங்கையைக் கட்டிய சகலைக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. சகலை பஸ் டிரைவர், வெள்ளை மனசு, யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிற ஜாதி. ஒரு வருடம் கிளப்பில் சாதா முனை அம்பு விட்டுப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டார். வேட்டைக்குப் போவதென்றால் பிளேடு வைத்த முனையில் பழகியாக வேண்டும். பிளேடு காற்றைப் பிடித்து அம்பை ஒரு சாண் தள்ளிவிடும். கிளப்பின் டார்கெட்டுகளைக் கிழித்துவிடும் என்பதால் அங்கே பிளேடுக்கு அனுமதி கிடையாது. ஆகவே வீட்டுக்கென்று ஒரு டார்கெட் வாங்க வேண்டும், அதுவும் கையைக் கடிக்காத விலையில்.

இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். துணி அடைத்த பை மலிவாக இருந்தது. ஆனால் பிளேடு பட்டால் பை கிழிந்து, அம்பை உருவும்போது குடல் மாதிரி கந்தல் கூடவே வரும். மெல்லிய ஃபோம் ஒரு மாதம் தாங்கினால் பெரிது. அழுத்திச் செய்த தடித்த ஃபோம் கட்டைதான் சரி. சகலை அதன் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சூடு பட்டது போல் கையை எடுத்துக்கொண்டார்.

“இவ்வளவா? அப்ப இந்த வருஷம் வேண்டாம் அண்ணே.”

“என்கிட்ட ஒண்ணு இருக்கே. இதே கம்பெனிதான். பாதி விலைக்கு எடுத்துக்கோ” என்றார் லிஃப்ட்காரர். தனக்குப் புதிது ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆறு மாதமாக ஆசை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவருடைய கட்டை வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருட அடியில் நடுப்பாகம் மட்டும் சல்லடையாகிவிட்டது. கதவுச் சட்டத்தின் சந்துகளை அடைக்க வேலையிடத்தில் பீச்சும் நுரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அடிபட்ட பக்கத்துப் பொத்தலில் பீச்சினார். அது உப்பிக் காய்ந்தால் பார்க்கக் கெட்டியாக இருக்கும், உள்ளே ரொட்டி மாதிரி பொசபொச. துருத்தியதைக் கத்தியால் சீவிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். அடிபடாத முகத்தை முன்னால் திருப்பி, மஞ்சளில் வட்டம் போட்டார்.

“அட, புதுசாட்டம் ஆக்கிட்டீங்களே” என்றாள் மனைவி. அப்போதே அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. சும்மா கொடுத்திருந்தாலாவது போகட்டும். காசை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கட்டையைத் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இறக்கி வைத்ததும் சகலை கேட்டார், “பின்னாடி பலகை ஏதாவது நிறுத்தணுமா அண்ணே?”

புதுக் கட்டையாகவே இருந்தாலும் நிறுத்த வேண்டும். கிளப்பில் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. ஆனால் ‘ஆமாம்’ என்றால் ‘ஏன், இது அம்பைப் பிடிக்காதா?’ என்று அடுத்த கேள்வி வருமோ என்று பயந்தார்.

“தேவையே இல்லை. தடிமனைப் பாரு” என்றார் வாய் கூசாமல்.

மூன்றாவது ஞாயிறு கொழுந்தியாளிடமிருந்து போன் வந்தது. சகலை நான்கு அம்பு விட்டிருக்கிறார். கட்டையில் மூன்றுதான் நின்றிருக்கின்றன. நான்காவது, கட்டைக்குப் பின்னே வேலிச்செடிக்கு அப்பால் வெயிலில் படுத்திருந்த நாயின் பின்னங்காலில். சகலையின் மகள் குட்டியிலிருந்து வளர்த்த நாய். கால்நடை டாக்டர் காலை எடுத்துவிட்டார், உயிர் தப்பியது.

லிஃப்ட்காரர் ஓடினார். வீட்டார் எல்லோரும் நாயோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நேராகக் கொல்லைக்குப் போய்க் கட்டையைத் திருப்பினார். கறுப்புப் பெயிண்டின் நடுவே, அம்பு முனையின் மூன்று பிளேடும் வெளியேறிய கீறல் அச்சடித்தது போல் இருந்தது. முன்பக்கத்தில் ஃபோம் மூடிக்கொண்டதால் அடையாளமே இல்லை. கட்டையைப் பழையபடி திருப்பி வைத்தார். செய்த பாவத்தில் பெரிய பாவம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வார்.

“நான்தான் குறி தப்பிட்டேன். டார்கெட்டையே அடிக்கத் தெரியாத கபோதி நான்” என்று சகலை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பதினான்கு வயது மகள் அப்பாவோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்த நாளெல்லாம் வேறு வேலை வந்தது. வராவிட்டால் இவரே போய்த் தேடிக்கொண்டார். சோறு இறங்கவில்லை. வாங்கி வந்த புதுக் கட்டையின் மேலுறையைக்கூடப் பிரிக்கவில்லை.

நாற்பது நாள் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிறு மதியம் சகலை கூப்பிட்டனுப்பினார். வில்லைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கடிதம்.

“வில்லை நீங்களே வச்சுக்கோங்க அண்ணே. நாளைக்கு டிப்போவில இந்த லெட்டரைக் குடுக்கப் போறேன். என்னை வண்டியிலிருந்து எடுத்துட்டு டிக்கெட் ஆபீஸ்ல போடுங்கன்னு.”

“எதுக்குய்யா?”

“கண்ணோ கையோ, எதுவோ சரியில்லை. டாக்டர் நல்லாத்தான் இருக்குங்கிறார். எனக்கு நம்பிக்கை வரலை. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறுற வண்டி அண்ணே அது. பிரேக்குல கால் வச்சாலே நடுங்குது.”

லிஃப்ட்காரர் எழுந்து சகலையின் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கட்டையைத் திருப்பினார்.

“உன் கை நல்ல கை. அம்பு நடு வட்டத்துல பட்டு, இது வழியா வெளிய போயிருக்கு. இங்க பொத்தல் இருந்தது. நான்தான் நுரையை அடைச்சுப் பெயிண்ட் அடிச்சேன். அன்னைக்கே வந்து பார்த்தேன், மூடி மறைச்சேன்.”

சகலை குனிந்து கீறலை விரலால் தடவினார். திட்டியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். அதற்குத்தான் லிஃப்ட்காரர் காத்திருந்தார்.

“என்கிட்ட சொன்னது போதும். பொண்ணுகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க” என்று மட்டும் சொன்னார்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்து நாய்க்கு ரோமம் சீவிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் நாய் மூன்று காலில் தத்தித் தத்தி வந்து வழக்கம்போலக் கையை நக்கியது. கையை இழுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் கூசியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பொத்தல், நுரை, பெயிண்ட், பலகை வேண்டாம் என்றது, எதையும் விடவில்லை.

அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சேதான் குடுத்தீங்களா பெரியப்பா?”

“தெரிஞ்சேதான்மா.”

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் நின்றிருந்த சகலையைப் பார்த்தாள்.

“அப்பா, கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்.”

நாற்பது நாளில் அப்பாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. சகலை முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு, அவளோடு உள்ளே போய், மேசையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார். தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. பதினாறு வருடமாக எந்த நேரத்தில் வந்தாலும் அவரைச் சாப்பிடாமல் அனுப்பாத வீடு அது. வாசலில் நின்றிருந்தவரை அன்று யாரும் கூப்பிடவில்லை. அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.