மருதை கண்டக்டரின் மத்தியான டிரிப்

கல்யாணமாகி முதல் இரண்டு வருஷம் மருதைக்கு வீட்டில் வாயைத் திறக்க வேலையே இருந்ததில்லை. அவன் மனைவி மயிலம்மாள் அப்படிப் பேசுவாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஆரம்பித்தால், அவன் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை அந்தக் குரல் பின்னாலேயே வரும். மருதை டவுன் பஸ் கண்டக்டர். ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் "உம்" கொட்டினால் போதும் என்பது பெரிய சௌகரியமாக இருந்தது.

1961 வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. அதோடு மயிலம்மாளின் பேச்சு நின்றுவிட்டது.

முதல் வாரம் களைப்பு என்று நினைத்தான். இரண்டாவது வாரம் பத்தியச் சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். மூன்றாவது வாரம் பால் பொங்கி வழிந்ததற்கு அவள் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதபோது, அவனால் ஒன்றும் நினைக்க முடியவில்லை. குழந்தை அழுதால் தூக்குவாள், பசியாற்றுவாள், கீழே விடுவாள். எல்லாம் யாரோ வீட்டு வேலையைச் செய்வதுபோல. தலை வாருவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். தூங்கவும் இல்லை.

மயிலம்மாளுக்குத் தாய் இல்லை. பேறுகாலம் பார்க்க மருதையின் அக்கா மாரியாயிதான் திருவெள்ளறையிலிருந்து மேலச்சிந்தாமணிக்கு வந்திருந்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"காத்துதான்டா தம்பி. ஆத்துப் பக்கம் வீடு. தலைக்கு ஊத்தின அன்னிக்கு ஈரத்தோட வாசல்ல நின்னா. அப்ப புடிச்சிருக்கு."

சுற்றிப் போட்ட மிளகாயில் மருதைதான் நாள் முழுக்கத் தும்மினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியாயி ஊரிலிருந்து கோடாங்கி மூக்கனைக் கூட்டிவந்துவிட்டாள். மூக்கன் உடுக்கையோடு நடுவீட்டில் உட்கார்ந்து, வேப்பிலையை ஓங்கி, கண்ணை உருட்டி உறுமினான்.

"சொல்லு! நீ யாரு? எங்கேருந்து வந்தே?"

மயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"மேலச்சிந்தாமணி. மூணாம் நம்பர் வீடு," என்றாள்.

மூக்கனுக்கு உடுக்கை தப்பிற்று. புளியமரம், பாழுங்கிணறு என்று பதில் வந்துதான் அவனுக்குப் பழக்கம். கதவு நம்பரோடு ஒரு பேயை அவன் பார்த்ததில்லை. மறுபடி கேட்டான், மறுபடியும் அதே விலாசம். கடைசியில் மாரியாயியைத் தனியே கூப்பிட்டு, "இது டவுன் பேய்த்தா. நம்ம கைக்கு அடங்காது," என்று ஒப்புக்கொண்டான்.

ஆனால் உடுக்கைச் சத்தத்தில் குழந்தை மட்டும் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கிற்று. மூக்கனை ஒரு வாரம் இங்கேயே தங்கச் சொன்னால் என்ன என்று மருதைக்கு ஆசை வந்தது. கேட்கத்தான் துணிச்சலில்லை.

மறுநாள் நகராட்சிப் பிரசவ விடுதியிலிருந்து வஹீதா நர்ஸ் வந்தாள். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. நாற்பது வயது, கையில் குடை, கண்டிப்பான குரல். குழந்தையை நிறுத்தாள், எடை சரியாக இருந்தது. பிறகு தாயைப் பார்த்தாள். மாரியாயியையும் மருதையையும் வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து மருதையை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லும்மா. என்கிட்ட சொன்னதையேதான்."

மயிலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "புள்ளயப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலீங்க. எல்லாரும் கொஞ்சறாங்க. எனக்கு மட்டும் வரல. நான்லாம் ஒரு தாயா? எங்கயாச்சும் போயிடணும் போல இருக்கு."

மருதை அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஏதாவது சொல்லவேண்டும். எட்டு வருஷக் கண்டக்டர் வழக்கத்தில் வாயில் முதலில் வந்தது வெளியே விழுந்தது.

"எந்த ஸ்டாப்பு?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். வஹீதா நர்ஸ் அவனைக் குடையால் அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தான். அவள் அடிக்கவில்லை. மயிலம்மாளின் உதட்டோரத்தில் ஏதோ அசைந்ததை அவள் மட்டும் கவனித்திருந்தாள்.

வெளியே வந்து சொன்னாள்: "பேயுமில்ல, பைத்தியமுமில்ல. புள்ள பெத்தவங்க பல பேருக்கு மனசுல வர்ற நோவு இது. காய்ச்சல் மாதிரி. அவங்க தப்பு எதுவும் இல்ல, அத முதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. தனக்கோ புள்ளைக்கோ கெடுதல் பண்ணிக்கத் தோணுதான்னு நேராவே கேட்டுட்டேன். இல்லேன்னாங்க. அப்படி ஒரு வார்த்தை எப்ப வந்தாலும் அந்த நிமிஷமே எங்க விடுதி டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டு வரணும். வரலேன்னாலும் ரெண்டு வாரத்துல ஒரு தடவை காட்டணும். இப்ப வேண்டியது தூக்கம். புள்ளய நீங்க வாங்கிக்குங்க. அப்புறம் நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வெக்காதீங்க. வெளிச்சத்துல, மனுஷங்க நடுவுல கூட்டிட்டுப் போங்க."

"எங்கேங்க கூட்டிட்டுப் போறது? நான் காலைல ஏறினா பொழுது சாஞ்சுதான் எறங்குவேன்."

"அத நீங்கதான் யோசிக்கணும்," என்று குடையை விரித்தாள்.

மருதை யோசித்தான். அவனுக்குத் தெரிந்த இடம் உலகத்தில் ஒன்றுதான். அதற்கு ஆறு சக்கரம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி டிரிப்பில், மேலச்சிந்தாமணி ஸ்டாப்பில் மயிலம்மாள் குழந்தையோடு ஏறினாள். மாரியாயி கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "நாப்பது நாளு தாண்டாத பச்ச ஒடம்பு! ஊரு சிரிக்கும்!" என்று பஸ் கிளம்பும்வரை கத்தினாள். மருதை தன் கைக்காசில் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தான். ஆடி பிறந்துவிட்டிருந்தது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் கரை தொட்டு ஓடும் தண்ணீரும் காற்றும் முகத்தில் அடித்தன. அம்மா மண்டபம் வருவதற்குள் மயிலம்மாள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். சரியப் பார்த்த குழந்தையை மருதை எட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

ஒரு தோளில் தோல்பை, மறுதோளில் குழந்தை. அதுகூடப் பரவாயில்லை. விசில்தான் தொல்லை. அவன் ஒவ்வொரு முறை ஊதும்போதும் குழந்தை வீறிட்டது. தூங்குகிறவள் திடுக்கிட்டு விழித்தாள். மருதை விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கையால் தகரத்தில் தட்டினான். டிரைவர் அற்புதசாமிக்கு ஒரு காது மந்தம். ராயகோபுரம் ஸ்டாப்பில் ஏற வேண்டியவர்கள் எல்லாரும் ஏறியும் பஸ் கிளம்பவில்லை.

கடைசி சீட்டில் இருந்த தயிர்க்காரி முன்சீட்டுக்காரரிடம் ரகசியக் குரலில் சொன்னாள்: "ரைட்டாம்." அவர் குனிந்து முன்னால் இருந்த வாத்தியாரிடம், "ரைட்டாம்," என்றார். வாத்தியார் அடுத்தவரிடம். இப்படிச் சீட்டு சீட்டாகக் கிசுகிசுத்துப் போய், முதல் வரிசைக்காரர் அற்புதசாமியின் நல்ல காதில், "அண்ணே, ரைட்டாம்," என்றதும் பஸ் நகர்ந்தது. ஒரு வாரத்தில் அந்த இரண்டு மணி பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது. புதிதாக ஏறி உரக்கப் பேசியவர்களைப் பழைய பயணிகள் திரும்பி முறைத்தார்கள்.

ஏழு பிள்ளை பெற்ற அற்புதசாமி முதல் நாள் முனகினார். இரண்டாம் நாள், பாலத்து ஏற்றத்தில் கியர் மாற்றும்போது பஸ் குலுங்காமல் போனதை மருதை கவனித்தான். "என்னண்ணே, வண்டி வெண்ணெயா போவுது?" என்று கேட்டான். "நம்ம வண்டி எப்பவும் அப்படித்தான்," என்றார் அவர். அது அண்டப் புளுகு.

முதல் ஐந்து நாள் மயிலம்மாள் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வந்தாள். ஆறாம் நாள் விழித்திருந்தாள். அன்று பக்கத்தில் ரோசரி என்று ஒருத்தி உட்கார்ந்தாள். பொன்மலை ரயில்வே காலனிக்காரி. ஸ்ரீரங்கத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போகிறவள். மயிலம்மாளின் கண்ணைச் சற்று நேரம் பார்த்தாள்.

"எனக்கும் ரெண்டாவது பொறந்தப்ப இப்படித்தான்மா இருந்துச்சு. புள்ளய யாராச்சும் தூக்கிட்டுப் போனா நல்லதுன்னு நெனச்சேன். வெளிய சொல்லல. சொன்னா கல்லால அடிப்பாங்கன்னு பயம்."

மயிலம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். "எப்ப சரியாச்சு?"

"தேதி குறிச்சு வெக்கல. ஒரு நாள் கொழம்புல உப்பு கம்மின்னு தோணுச்சு. அதுவரைக்கும் நாக்குல உப்பு, புளி ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கேன்."

மயிலம்மாள் அழுதாள். ஆனால் அது பாலுக்கு அழுத அழுகை இல்லை. ரோசரி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்காமல் மறு டிரிப்பும் கூடவே போனாள். அன்று தையல் வகுப்புக்கு வந்தவர்கள் காத்திருந்து அலுத்துத் திரும்பினார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது செக்கிங் இன்ஸ்பெக்டர் ராமானுஜம் ஏறினார். நெற்றி நிறையத் திருமண், கையில் நோட்டு. அவரைக் கண்டால் டிக்கெட் வைத்திருப்பவர்களே வியர்ப்பார்கள். விசில் இல்லை, கண்டக்டர் தோளில் குழந்தை, பஸ் முழுக்க ரகசியம் பேசுகிறது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா கோலம் இது? பஸ்ஸா, தூளியா?"

முப்பது பேர் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்து, "உஸ்ஸ்!" என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் வாழ்நாளில் யாரும் அவரை "உஸ்" என்றதில்லை. குரல் தானாகவே இறங்கிற்று. "பையைக் காட்டும். டிக்கெட் புஸ்தகத்தை எடும்," என்றார். மருதைக்குக் கை ஒழியவில்லை. "கொஞ்சம் புடிங்க சார்," என்று குழந்தையை அவரிடம் நீட்டினான். அவரும் பழக்கமில்லாமல் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் நோட்டில் எழுத முடியாது என்று தெரிந்தது. பஸ் குலுங்க, பிடித்துக்கொள்ளவும் கை இல்லாமல் தொப்பென்று மயிலம்மாளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

மருதை நடந்ததைச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை, கோடாங்கியையும் சொன்னான். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். காவிரியைத் தாண்டும்போது மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தார்.

பிறகு, "எம்பொண்ணு சகுந்தலா பிரசவத்துக்கு எங்காத்துக்கு வந்திருக்கா," என்றார் மெதுவாக. "கொழந்தை பொறந்ததுலேருந்து ரெண்டு மாசமா மூலையில உட்கார்ந்துண்டு எழுந்திருக்க மாட்டேங்கறா. பெருமாள் தீர்த்தம் கொடுத்தோம், துளசி கொடுத்தோம். ஏதோ அபசாரம் பண்ணிட்டோம்னு ஆத்துல எல்லாரும் நடுங்கிண்டிருக்கோம். இது வியாதிதானா? அந்த நர்ஸ் அப்படியா சொன்னா?"

பதில் சொன்னது மயிலம்மாள். திரும்பி உட்கார்ந்து சொன்னாள். "வியாதிதாங்க. பயப்படாதீங்க. முதல்ல அவங்கள தூங்க விடுங்க. புள்ளய நீங்க வாங்கிக்குங்க. இப்ப வெச்சிருக்கீங்கல்ல, அப்படித்தான். தலைய மட்டும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

மருதை குறுக்கே ஏதோ சொல்லப் போனான். "நீங்க சும்மா இருங்க," என்றாள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் அதட்டல். பையில் இருந்த விசிலை எடுத்து ஊதிவிட அவனுக்குக் கை பரபரத்தது.

ராமானுஜம் ரிப்போர்ட் எழுதினார். எழுதாமல் விடுகிற மனிதர் இல்லை அவர். 'கண்டக்டர் விசில் ஊதவில்லை. பயணிகள் புகார் எதுவும் இல்லை. எல்லாரிடமும் டிக்கெட் இருந்தது' என்று எழுதினார். அடுத்த புதன்கிழமை ராயகோபுரம் ஸ்டாப்பில் சகுந்தலாவை அவரே கொண்டுவந்து ஏற்றிவிட்டார். மடி, ஆசாரம் பார்க்கிற வீட்டுப் பெண் முதலில் விளிம்பில் ஒடுங்கி உட்கார்ந்தாள்; மூன்றாவது புதன்கிழமை ரோசரி கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். செய்தி பரவிற்று. உறையூரிலிருந்து ஒருத்தி, பாலக்கரையிலிருந்து ஒருத்தி. பஸ்ஸில் மற்றவர்களுக்கு இடமில்லாமல் போகவே, வஹீதா நர்ஸ் பிரசவ விடுதி வராந்தாவில் பாய் விரித்து, "எல்லாரும் இங்க வந்துடுங்க," என்றாள். டாக்டரம்மாவும் வந்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பேருக்கு மருந்து தேவைப்பட்டது, கொடுத்தார். குழந்தைகளோடு கணவன்மார்கள் வேப்பமரத்தடியில் திருதிருவென்று நின்றார்கள். அவர்களுக்குத் துணி மாற்றச் சொல்லிக்கொடுத்தவன் மருதை.

மாரியாயி ஐப்பசியில் ஊருக்குத் திரும்பினாள். அங்கே போய், பஸ் காற்றுக்கு எந்தக் காற்றும் நிற்காது என்று எல்லாரிடமும் சொன்னாளாம்.

ஆறு வருஷம் கழித்து மயிலம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் மருதையைக் கூப்பிட்டு, "என்னங்க, வந்துடுச்சு," என்றாள். யார் வந்தது என்று வாசலைப் பார்த்தவனுக்கு, அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது. இந்த முறை அவளே புடவை மாற்றிக்கொண்டு வஹீதா நர்ஸைப் பார்க்கக் கிளம்பினாள். மருதை நேரே டிப்போவுக்குப் போய் லீவு லெட்டர் எழுதினான். காரணம் என்ற இடத்தில் 'மனைவிக்குப் பிரசவ மனநோவு. குழந்தையை நான் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

மானேஜர் அதை இரண்டு முறை படித்தார். "புள்ள பெத்தது அவங்க. லீவு உமக்கா? இப்படி ஒரு லீவு எந்தச் சட்டத்துலய்யா இருக்கு?"

"இல்லீங்க சார். அதான் எழுதிக் கேக்கறேன்."

மானேஜர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் 'காய்ச்சல்' என்று அவரே திருத்தி, பத்து நாள் போட்டுக் கொடுத்தார். மருதை காகிதத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தான்.