மம்சாபுரத்திலிருந்து கொரியா போன சுப்பையாவைத் தேடி

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்தவர்கள் கோபுரத்தைப் பற்றியோ பால்கோவாவைப் பற்றியோதான் எழுதுவார்கள். போன வெள்ளிக்கிழமை நான் போனது இரண்டுக்கும் இல்லை. மா. சுப்பையா என்ற பட்டாளத்துக்காரர் கொரியப் போரிலிருந்து உயிரோடு ஊர் திரும்பினாரா என்று தெரிந்துகொள்ளப் போனேன். அதற்கு எனக்கிருந்த அவகாசம் காலை ஆறேகாலிலிருந்து பதினொன்றரை வரை. படிக்கும்போது மூச்சு வாங்கினால் அது என்னுடைய ஓட்டம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் ஊர் காஞ்சிபுரம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கொரியத் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். போன வருடம் எங்கள் மேலாளர் பார்க்கின் அம்மா சென்னை வந்திருந்தார். போர்க்காலத்தில், எட்டு வயதில், டேகு நகரத்தில் அவருக்குக் காலில் குண்டடி. இந்திய ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்த ஒருவர்தான் தினமும் கட்டுப் போட்டிருக்கிறார். கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் அவர் சொன்ன வார்த்தையை அந்த அம்மா எழுபது வருஷத்துக்கு மேலாக மறக்கவில்லை. "செத்த போரு. இதற்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. செத்த என்றால் இறந்துபோன, போரு என்றால் யுத்தம், 'இந்தப் போரில் செத்துவிடுவேன்' என்று அவர் பயந்திருக்கிறார் என விளக்கிவிட்டேன். அந்த அம்மா ஊருக்குப் போனதும், முன்னோர்களுக்குப் படைக்கும் நாளில் அந்தச் சிப்பாய்க்கும் ஒரு கிண்ணம் மது வைக்க ஆரம்பித்துவிட்டாராம்.

போன புதன்கிழமை பார்க் சியோலிலிருந்து கூப்பிட்டார். எண்பத்து மூன்று வயது அம்மா வழுக்கி விழுந்து, அதே கால் பக்கம் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர்கள் நேரம் மூன்று மணிக்கு, நமக்குப் பதினொன்றரைக்கு, அறுவை சிகிச்சை. ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "எனக்குக் கட்டுப் போட்டவரே பிழைக்கவில்லை, நான் எங்கே பிழைக்கப் போகிறேன்" என்கிறாராம். அம்மாவின் அலமாரியில் கிடைத்த, அந்தச் சிப்பாயின் பழைய புகைப்படம் ஒன்றையும் பார்க் அனுப்பினார். அதன் பின்பக்கம், தமிழில்: "மா. சுப்பையா, மம்சாபுரம், ஸ்ரீவி."

அவர் செத்தார் என்பது என் விளக்கம் மட்டும்தான். மறுநாளே எழும்பூரில் ரயில் ஏறினேன். ஸ்லீப்பர் 385 ரூபாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது 6.15. மம்சாபுரம் சுமார் ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 200 ரூபாய். "செத்த நேரத்துல போயிரலாம், ஏறுங்கக்கா" என்றார் ஓட்டுநர். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த என் காதில் அது சரியாக ஏறவில்லை. மேற்கே மலை நீலமாக நின்றது. அழகாகத்தான் இருந்திருக்கும்.

மம்சாபுரம் டீக்கடையில் (டீ 12 ரூபாய்) கேட்டேன்: "கொரியா சுப்பையா வீடு எதுங்க?"

"கொரியர் சுப்பையாவா? அவன் ராஜபாளையத்துலல்லா கட வச்சிருக்கான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். ஒம்போது மணிக்குத்தான் தொறப்பான்."

பெயர் சரியாக இருந்ததால் மேலே ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். புகைப்படத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ராஜபாளையத்தில் இட்லி சாப்பிட்டு, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். 9.10-க்கு வந்த சுப்பையாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பின்னால் தலைக்கு மேல் பலகை: கூரியர் சர்வீஸ்.

நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் சிரித்துவிட்டார். "அப்ப நீங்க கொரியருக்கு வரல, கொரியாவுக்கு வந்திருக்கிய!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதைப் பார்த்து அவர் மம்சாபுரத்தில் இருக்கும் தன் அப்பாவுக்குப் போன் போட்டார். பட்டாளத்து சுப்பையா என்றதுமே மறுமுனையில் பதில் வந்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"ஏலே, அவரு கம்பவுண்டருல்லா! பட்டாளத்துல இருந்து வந்து ஊருக்கே ஊசி போட்டவரு. கொரியா கிரியான்னா யாருக்குத் தெரியும்? கம்பவுண்டர்னு கேட்டா சின்னப்புள்ள சொல்லும். அவிய மக ராமுத்தாயி சத்திரப்பட்டி ரோட்டுல பேண்டேஜ் கம்பெனில வேல பாக்கா."

ஊருக்கே ஊசி போட்டவர் என்றால் உயிரோடு திரும்பியிருக்கிறார்! அப்போதே பார்க்குக்குச் செய்தி அனுப்பினேன். "ஆறுதலுக்காகச் சொல்கிறீர்கள் என்கிறார் அம்மா" என்று முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. சொந்த மகளையே பேச வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆட்டோ 150 ரூபாய். நடுவில் ரயில்வே கேட் வேறு மூடிக்கிடந்தது. போய்ச் சேரும்போது மணி 10.35. அந்தப் பக்கம் காயத்துக்குக் கட்டும் துணிதான் பிழைப்பு. தறிச் சத்தத்தைத் தாண்டி உள்ளே போனால், வெள்ளைத் துணிக் குவியலுக்கு நடுவே அறுபத்தைந்து வயதுக்கு மேல் மதிக்கத்தக்க அம்மா ஒருவர் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் ராமுத்தாய். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செத்த பொறு தாயி. இந்தக் கட்ட மடிச்சுக்கிடுதேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "இப்ப என்னம்மா சொன்னீங்க?"

"செத்த பொறுன்னேன். கொஞ்சம் பொறுன்னு. ஏன், உங்க ஊர்ல சொல்ல மாட்டியளா? எங்கய்யா ஊசி போடுறப்ப இதத்தான் சொல்லுவாரு. புள்ளைக அழுதா, செத்த பொறு, செத்த பொறும்பாரு. சொல்லி முடிக்கதுக்குள்ள போட்டு முடிச்சிருவாரு."

காலையில் ஆட்டோக்காரர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. நம் நாடு அந்தப் போருக்கு மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது, அந்த நட்பு இன்றும் தொடர்கிறது என்று எத்தனையோ விழா மேடைகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. ஒரு சிப்பாய் ஒரு குழந்தையிடம் சொன்ன இரண்டு வார்த்தையில் கவிழ்ந்துவிட்டேன்.

சுப்பையா எண்பத்திரண்டு வயது வரை இருந்தாராம். "கொரியாவப் பத்திப் பேசுவாரா?" என்று கேட்டேன். "குளிரத்தான் சொல்லுவாரு. எம்புட்டுக் குளிருன்னா, மருந்து பாட்டில அக்குள்ள வச்சுத்தான் உருக்குவாங்களாம். அங்க எந்தப் புள்ளையப் பத்தியும் சொன்னதா ஞாபகமில்லையே" என்றார் ராமுத்தாய், உள்ளதை உள்ளபடி.

11.04-க்கு வீடியோ அழைப்பு. அந்த அம்மா படுக்கையில் இருந்தார், கையெழுத்திடாத படிவத்துடன் பக்கத்தில் ஒரு நர்ஸ். நான் கொரிய மொழியில் சொன்னேன்: "போன வருடம் நான் சொன்ன அர்த்தம் தப்பு. அவர் சாகவில்லை. ஊர் திரும்பி முதுமை வரை வாழ்ந்தார். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றுதான் உங்களிடம் சொன்னார்."

அவர் திட்டவில்லை. "அந்த எட்டு வயதில் நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்" என்றார்.

ராமுத்தாய் என் கையிலிருந்து போனை வாங்கி, அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எங்கய்யா சொன்னதத்தான் நானும் சொல்லுதேன். செத்த பொறு தாயி."

அங்கிருந்து தேய்ந்த குரலில் அதே வார்த்தை திரும்பி வந்தது. 11.19-க்குக் கையெழுத்து விழுந்தது.

அதற்குப் பிறகு இங்கே எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "உக்காரு. நீ நடந்தா அங்க சீக்கிரமா முடிஞ்சிருமா?" என்று ராமுத்தாய் தன் தூக்குச்சட்டியிலிருந்து புளிச்சாதத்தைப் பாதி தள்ளிக் கொடுத்தார். நம் நேரம் 3.10-க்கு பார்க்கிடமிருந்து செய்தி: "முடிந்தது. கண் விழித்துவிட்டார். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். 'செத்த பொறு' என்று என்னை அதட்டினார்." கட்டுத்துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான், பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில்வே கேட்டுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். பட்டாளத்துக்காரர் யாரையாவது தேடி வந்தால், அவர் எந்தப் போருக்குப் போனார் என்று கேட்காதீர்கள், திரும்பி வந்து என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். பால்கோவா வாங்க எனக்கு நேரமில்லை.

எங்கிருந்தோ வந்த ஒருவர் ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்லி அர்த்தம் கேட்டால், உடனே வாயைத் திறக்காதீர்கள். முதலில் அந்த வார்த்தையின் ஊருக்கு ரயில் ஏறுங்கள். 385 ரூபாய்தான். நான் ஒரு வருடம் தாமதமாக ஏறினேன். உயிரோடு ஊர் திரும்பிய மனிதருக்கு, போரில் செத்தவர் என்று, அதற்குள் ஒரு கிண்ணம் மது படைத்துவிட்டார்கள்.