அண்ணன் பார்த்த இரண்டு நிமிட ஒளி

முக்கூடலில் பிறந்து, தந்தையை இழந்தபின் பள்ளிப் படிப்பை விட்டு, பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. அவ்வளவு பாடுபட்டு அவருக்குக் கிடைத்தது, பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதும் ஒரு தம்பி. அதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

தானே செய்த தொலைநோக்கியை மொட்டைமாடியில் நிறுத்தி, சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச்செய்து, காலைதோறும் கரும்புள்ளிகளை நோட்டில் வரைவார். சூரியனின் மேற்பரப்பைவிட அதைச் சுற்றியுள்ள வளிமண்டலம் பல மடங்கு சூடு. கண்ணுக்கு எட்டாத சின்னச் சின்ன வெடிப்புகள் ஓயாமல் நடப்பதால் இருக்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை மாடியிலிருந்து கத்தினார்.

“ஏலே, ஓடியா! புள்ளிக்குப் பக்கத்துல ஒண்ணு மின்னுது!”

நான் ஒரு துணுக்கின் கடைசி வரியில் இருந்தேன். “பைய வாரேண்ணே. சூரியன் எங்கன ஓடிரப் போவுது?”

போய்ச் சேர்ந்தபோது அட்டையில் புள்ளி மட்டும் இருந்தது.

“ரெண்டு நிமிசம்லே. அணைஞ்சிட்டு. நம்ம கண்ணுக்கே தெரிஞ்சிருக்குன்னா கொஞ்சம் பெரிசுதான். ஆனா சூரியனுக்கு அது சின்னப் பொறி.”

பட்டறையில் ஒருவர் அளந்ததை இன்னொருவரும் அளந்து கையெழுத்திட்டால்தான் உருப்படி வெளியே போகும். நோட்டிலும் அவருக்கு அதே முறை. அன்றைய பக்கத்தில் தன் கையெழுத்துக்குக் கீழே எனக்கும் இடம் விட்டிருந்தார். நான் எழுதிய துணுக்கு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. அந்த இடம் ஏழு ஆண்டுகள் காலியாகவே கிடந்தது.

கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுத் திணறியபடி கேட்டார்: “அன்னைக்கு நெசமாவே மின்னிச்சா, இல்ல என் கண்ணுதான் கோளாறு பண்ணிச்சாலே?”

“மின்னிச்சுண்ணே. படியேறும்போதே நானும் பாத்தேன்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பம் கையெழுத்துப் போடு.”

நோட்டை எடுத்துவந்து போட்டேன். மறுநாள் போய்விட்டார்.

படியிலிருந்து பார்த்தால் அட்டையின் முதுகுதான் தெரியும். அட்டையை அங்கே நிறுத்தியவரே அவர்தான். ஓராண்டாக அந்தப் பார்வை என்னை விடவில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியிலும் அவர்தான் பார்க்கிறார்.

அவரைக் கவனித்த மருத்துவர், செவிலியர், முறைபோட்டு உடனிருந்த பட்டறை நண்பர்கள், தாமிரபரணிக் கரைவரை தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துக்கம் கேட்க வந்த உங்களில் சிலர் அந்த நோட்டைப் புரட்டி, இரண்டு பேர் பார்த்திருக்கிறார்களே என்று வியந்தீர்கள். நான் பார்க்கவில்லை. என் கையெழுத்தை அடித்துவிட்டேன். அண்ணன் பார்த்தார். ஒற்றைக் கையெழுத்துத்தான், தயவுசெய்து நம்புங்கள்.