பூக் கேட்ட வழக்கு

பல்லடம் ரோட்டைப் பிடிக்கப் புழுதித் தடத்தில் நடந்துகொண்டிருந்தேன். கையில் துணிப்பை. தோட்டத்துக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினால் மறுபடியும் விளக்குவார். கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூமில் படுக்கை, களியும் மோரும் சாப்பாடு. அதைவிட மோசமான இடங்களில் இருந்திருக்கிறேன். கிணற்றை ஒட்டியே கரடு, மரங்கள் நிற்கும் சின்னப் பாறைக்குன்று. அதன் மறுபக்கத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியும், நிலக்கரி போட்டுக் கல்லைச் சுடும் காளவாயும் இருந்தன. குவாரியை இந்தப் பக்கமும் நீட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. இங்கே வெடி வைத்தால் கிணற்றில் தண்ணீர் நிற்காது. கிணறு போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

கோயம்புத்தூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். அந்தம்மா நிறையப் படித்தவர். கிணற்றோடு நிறுத்தாமல், கரட்டு மரங்கள் போனால் மழை குறையும், நிலக்கரிப் புகையால் பூமியே சூடாகிறது என்றெல்லாம் ஆட்சேபணை எழுதினார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே புரிகிற மாதிரி எழுதியிருந்தார். கெடு முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தோட்டத்துக்காரரோ கையெழுத்துப் போடாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போனார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கிணறு வெட்டுவதற்கும் கல்யாணத்துக்கும் கேட்பதுதான். சிவப்பு வந்தது. அடுத்த அமாவாசைக்குத்தான் திரும்பக் கேட்கலாம் என்றார். கெடு அதற்கு முன்பே முடிகிறது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

“மழைக்காகப் போடற கேசு கண்ணு. மழை குடுக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்?”

“அவ கலெக்டராபீசுத் தேதியெல்லாம் பாக்க மாட்டாளுங்ணா.”

சிரித்தார். ஆனால் போடவில்லை. அமாவாசைக்கு வெள்ளை வந்தது. அதற்குள் குவாரிக்கு அனுமதியும் வந்துவிட்டது. வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, மெட்ராஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அங்கே கேட்ட முதல் கேள்வியே, அப்போது ஏன் ஆட்சேபிக்கவில்லை என்பதுதான். மரம், மழை, சூடு எதற்கும் பேச்சு போகவேயில்லை. தள்ளுபடி.

“அந்தச் செவப்புப் பூவை நான் மனுவுல எந்தப் பக்கத்துலங்க எழுதறது?” என்று வக்கீலம்மா போனில் அவரைக் கேட்டிருக்கிறார். அப்பீல் போடலாம், அதற்கும் கெடு உண்டு என்றாராம். தோட்டத்துக்காரர் இதை என்னிடம் சொல்லிவிட்டு, நாளைக்குக் காலையில் கோயிலுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். நான் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பையை எடுத்தேன்.

ராத்திரி ரோட்டோர டீக்கடை பெஞ்சில் படுத்தேன். காலையில் கடைக்காரர், குவாரியில் ஆள் கேட்பதாகச் சொன்னார். வேறு வேலை எதுவும் கண்ணில் படவில்லை. போனேன். கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்துத் தடம் திரும்புகிற இடத்தில் நிறுத்தினார்கள். வெடி வெடித்து முடியும்வரை யாரையும் விடக் கூடாது.

முதலில் வந்தது அவருடைய மொபெட். குளித்துத் திருநீறு பூசியிருந்தார். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை அணைத்தார்.

“நேரமாகுமா?”

“ஆகுமுங்ணா.”

கரட்டின் இந்தப் பக்கத்தில் முதல் வெடி வெடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.