கட்டாக்காலிப் பேய்

அந்தப் பேய் அவிழ்ந்து திரிந்ததற்கு முழுக் காரணமும் மண்ணெண்ணெய்தான்.

வன்னியில் எங்கள் வாய்க்கால் கரைக்கு மின்சாரம் கிடையாது. படம் பார்ப்பதென்றால் மாங்குளத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய ஒருவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். அவரிடம் ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் எல்லாம் இருந்தன. எண்ணெய்தான் இருக்காது. வன்னிக்குள் எண்ணெய் வர விடாத பொருளாதாரத் தடைக் காலம், விளக்குக்கே அளந்து ஊற்றுவார்கள். ஆகவே பார்க்க வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டு வருவார்கள். எண்ணெய் உள்ளவரை படம் ஓடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கி, பேய்ப் படமொன்றைப் போட்டார். வெள்ளைச் சேலைப் பேய் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தது. தலை தெரிந்தது, கை தெரிந்தது, ஒரு காலைக் கிணற்றுக்கட்டில் வைத்தது. ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது.

பெரியவர்கள் உடுப்பை உதறிக்கொண்டு போனார்கள். தம்பி மட்டும் எழும்பவில்லை.

"அக்கா, பேயை இன்னும் கட்டேல்லை."

அவன் சொன்னது நியாயம். எந்தப் பேய்ப் படத்திலும் கடைசியில் ஒரு பூசாரி வந்து பேயைப் பிடித்து மரத்தில் ஆணியடித்து விடுவார். அதன் பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கும். இதுவோ ஒரு காலை வெளியே வைத்தபடி நிற்கிறது. பட்டியில் அடைக்காமல் திரிகிற மாட்டைக் கட்டாக்காலி என்போம், அது எவருடைய வளவுக்குள்ளும் நுழையும். தம்பியின் கணக்கில் இது கட்டாக்காலிப் பேய்.

அடுத்த நாளிலிருந்து அவன் கிணற்றடிக்கு வர மறுத்தான். குளிப்பில்லை. தண்ணீர் அள்ளும் துலா கிறீச்சிட்டாலே குசினிக்குள், அடுப்படிக்கு ஓடுவான். அவன் நாறுவதை நான் பொறுத்துக்கொள்வேன். துணைக்கு வராததுதான் என் பிரச்சினை. விடிய வெள்ளன வீட்டுக்குத் தண்ணீர் அள்ளுவது என் வேலை. கிணற்றை எட்டிப் பார்க்காமல் எப்படித் தண்ணீர் அள்ளுவது, நீங்களே சொல்லுங்கள். எனக்கும் பயம்தான், நல்ல பயம்.

அம்மாவிடம் முறையிட்டேன்.

"பேயும் மண்ணாங்கட்டியும்! உங்களை விடப் பெரிய பேய் எங்கயிருந்து வாறது?"

இனிப் பேயைக் கட்டியே ஆக வேண்டும். தம்பியும் நானும் ஒரு வெறும் போத்தலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். "மிச்சப் படம் போட எண்ணெய் தாங்கோ." சனம் சிரித்தது. ஆனால் கோயில் விளக்குக்குக் கேட்டாலும் யோசிக்கிற சனம், எங்களுக்குத் தங்கள் விளக்கைச் சரித்து ஊற்றியது. அவர்களுக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது. அம்மாவும் சத்தம் போடாமல் ஒரு மூடி ஊற்றினார்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் கூடினோம். வீட்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து போடப் போனார். அப்போதுதான் போன கிழமை வராத ஒரு மாமி எழும்பினார்.

"நானும் எண்ணெய் தந்தனான். பாதியில இருந்து பாக்கிறதுக்கோ? முதல்ல இருந்து போடுங்கோ."

"ஓம், அதுதான் ஞாயம்" என்றது சனம்.

"மாமி, முதல்ல பேயைக் கட்டுவம். தொடக்கத்தைப் பிறகு பாப்பம்" என்று தம்பி கெஞ்சினான். யார் கேட்டார்கள்?

படம் தொடக்கத்திலிருந்து ஓடியது. பாட்டுகளைக்கூட விடவில்லை. நான் படத்தைப் பார்க்கவில்லை, ஜெனரேற்றரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பேய் ஏறியது. தலை, கை, ஒரு கால். இந்த முறை மற்றக் காலையும் வெளியே வைத்தது. ஜெனரேற்றர் இருமியது.

இருட்டுக்குள் தம்பியின் குரல் மட்டும் கேட்டது.

"அக்கா, போன கிழமைப் பேயோட இப்ப ரெண்டு பேய்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரிலும் கூடச் சிரித்தது எங்கள் அம்மாதான்.

அன்று பொழுதுபடும் நேரம் வீட்டில் தண்ணீர் முடிந்திருந்தது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு முற்றம் வரை போனார். கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"ரெண்டு பேரும் எழும்புங்கோ. தம்பி முன்னால போகட்டும், நீ பின்னால வா. நான் நடுவில வாறன்."