எங்கள் பக்கத்து வீடுகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வெள்ளையர் அல்லாதவர்களை எல்லாம் ஆஸ்திரேலியாவை விட்டுத் துரத்த வேண்டும் என்று சொன்ன ஒரு கூட்டத்துக்கு நான் ஒரு பிற்பகல் முழுவதும் வேலை செய்தேன். கூலியாக ஓர் எலுமிச்சை ஐஸ்குச்சி கிடைத்தது. வேலையை மிகத் திறமாகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மெல்பேணின் தென்கிழக்கே ஸ்பிரிங்வேலில் ஒரு குட்டித் தெருவில் நாங்கள் இருந்தோம். ஊரில் பாலம் கட்டிய பொறியியலாளரான அப்பா, இங்கே மற்றவர்கள் கட்டப்போகும் பாலங்களுக்கு ஓர் அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். அம்மா சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். தெருவில் ஒரே தமிழ்க் குடும்பம் நாங்கள்தான். அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. ஏனென்றால் எதிர்வீட்டில் டெபி இருந்தாள்.

டெபிக்கும் என் வயதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு தமையன் இருந்தான். என் சைக்கிள் சங்கிலி கழன்றுபோகும் போதெல்லாம் அதைப் பூட்டித் தந்தவன் அவன்தான். கையில் படிந்த கரியை என் மூக்கில் ஒரு பொட்டாக வைத்துவிட்டுச் சிரிப்பான். கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒருநாள் அங்கே ஒரு பகுதியை மூடி, அதில் இருந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு பல மாதங்கள் அவன் முன்னறைச் சோபாவிலேயே படுத்துக் கிடந்தான். டெபி தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால் அவன் கால்களை நகர்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

பிறகு அவனைத் தேடிச் சிலர் வரத் தொடங்கினார்கள். தலைமயிரை ஒட்ட வெட்டிய, சாம்பல் நிறச் சட்டை போட்ட ஆண்கள். சனிக்கிழமைகளில் டெபி வீட்டுக் கார்க் கொட்டிலில் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். அவர்களில் வயது கூடிய ஒருவர் மட்டும் நின்றுகொண்டு பேசுவார். கொஞ்ச நாட்களில் டெபியின் தமையனும் அதே சட்டையைப் போட்டான். டெபியின் தாய் வேலியோரம் நின்று என் அம்மாவிடம், மகன் இப்போது நேரத்துக்கு எழும்புகிறான், சவரம் செய்கிறான், நல்ல நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். அம்மாவும் சந்தோஷப்பட்டார். மறுநாள் ஒரு தட்டில் வடை கொடுத்துவிட்டார்.

அந்த மாதங்களில்தான் ரெயில் நிலையச் சுரங்கப் பாதையில் கறுப்புச் சாயத்தால் எழுத்துகள் வந்தன. அதைக் கடக்கும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து வேகமாக நடப்பார். ரெயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். வீட்டுக்குத் திரும்பும்போதும் ஏன் அப்படி நடக்கிறார் என்று ஒருபோதும் யோசித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை டெபி என்னைக் கூப்பிட்டாள். தமையன் அவளிடம் ஒரு கட்டுத் தாள்களைக் கொடுத்துத் தெருவில் உள்ள தபால்பெட்டிகளில் போடச் சொல்லியிருந்தான். அவள் பின்னால் நானும் கொட்டிலுக்குள் போய் நின்றபோது அங்கே பேச்சு நின்றது. ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டெபியின் தமையன் என்னைப் பார்த்தான், மற்றவர்களைப் பார்த்தான், அவனும் சிரித்தான். தாள்கட்டை இரண்டாகப் பிரித்து, "அப்படியென்றால் உன் வீட்டுப் பக்கம் உன்னுடையது" என்று பாதியை என் கையில் வைத்தான். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

தாள்கள் மூன்றாக மடிக்கப்பட்டிருந்தன. வெளியே ஆஸ்திரேலியாவின் படமும், கீழே 'நமது நாடு' என்று பெரிய எழுத்தில் இரண்டு சொற்களும் இருந்தன. மரம் நடுவது பற்றியோ, குப்பை போடாதிருப்பது பற்றியோ இருக்கும் என்று நினைத்தேன். பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். 'நமது' என்றால் அதில் நானும்தானே.

எங்கள் பக்கத்தில் பதினொரு வீடுகள். டெபி பாதித் தாள்களை ஒரே பெட்டிக்குள் திணித்துவிட்டு ஓடிவந்தாள். நான் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கு ஒன்றாக, மழை வந்தால் நனையாதபடி உள்ளே தள்ளிப் போட்டேன். எங்கள் வீட்டை மட்டும் விட்டால் நியாயமாக இருக்காது என்று அதற்கும் ஒன்று போட்டேன்.

மறுநாள் காலை புல் வெட்டப் போன அப்பா தபால்பெட்டியைத் திறந்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். தாளை விரித்து அடிவரைக்கும் வாசித்தார்.

"ஆர் இதை இங்கை போட்டது?"

"நான்தான் அப்பா! இந்தப் பக்கம் முழுக்க நான்தான் போட்டனான். மற்றப் பக்கம் டெபி."

பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் விவரிக்க முடியவில்லை. கோபம் இல்லை அது.

"ஆர் தந்தது?"

"டெபியின்ரை அண்ணா."

"வாசிச்சனியோ?"

"இல்லை."

அவர் உள்ளே போய்க் குளித்தார். திரும்பி வந்தபோது, அலுவலகத்துக்குப் போவது போலக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். சப்பாத்துகூட மினுக்கியிருந்தது. குசினிக்குள் இருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமையிலை எங்கை வெளிக்கிடுறியள்?"

"இவளோடை ஒருக்கா நடந்துபோட்டு வாறன்" என்றார் அப்பா. அந்தத் தாள் அவர் கோட்டுப் பைக்குள் இருந்தது.

வெளியே வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "நீ போட்டதை எல்லாம் திருப்பி வாங்குவம்."

ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அப்பா தட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் அதே ஆங்கில வாக்கியத்தைச் சொன்னார். என் மகள் தவறுதலாக உங்கள் பெட்டியில் ஒரு தாளைப் போட்டுவிட்டாள், தயவுசெய்து அதைத் திருப்பித் தர முடியுமா? நான் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். இது எனக்கான தண்டனை என்று நினைத்தேன். இரண்டு மூன்று வீடுகளில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கவே இல்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். தக்காளிப் பாத்திக்குள் நின்ற இத்தாலியக் கிழவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தாளைத் தந்ததோடு நான்கு தக்காளிகளையும் என் சட்டை மடியில் போட்டார். இன்னொரு வீட்டில் ஒரு சிவத்த தலைமயிர்க்காரி கதவைத் திறந்தாள். அப்பாவைக் கண்டதும் அவள் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. அதை நேற்றே குப்பையில் எறிந்துவிட்டேன், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்றாள். பிறகு வெறுங்கையால் குப்பை வாளியைக் கிளறி, தேயிலைத் தூள் ஒட்டியிருந்த தாளைத் தேடி எடுத்துத் தந்தாள். அவள் கண்கள் ஏன் கலங்கின என்று எனக்குப் புரியவில்லை. குப்பை நாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ரெயில் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். கூரையின் மழைநீர்ப் பீலியில் சருகு அடைத்தால் அப்பா அவரிடம்தான் ஏணி இரவல் வாங்குவார். தாள் அவர் கையிலேயே இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மிகவும் அன்பாகப் பேசினார்.

"இது உங்களைப் பற்றியது இல்லை. நீங்கள் படித்தவர், வேலைக்குப் போகிறவர். இது அந்த மூலை வீட்டுக்காரர்களைப் போன்றவர்களைப் பற்றியது. எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனாலும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது."

அப்பா கையை நீட்டியபடியே நின்றார். "அந்தத் தாளைத் தருவீர்களா?"

"இன்னும் வாசித்து முடிக்கவில்லையே."

அப்பா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். படலையைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அந்த ஏணி வரவில்லை.

எதிர்ப்பக்கத்தில் டெபியின் தமையன் காரின் முன்மூடியில் சாய்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டிலில் சிரித்தவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. அப்பா அவனுக்கும் காலை வணக்கம் சொன்னார். அவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய்விட்டான்.

அப்போதுதான் நான் ஒரு தாளை விரித்து வாசித்தேன். உள்ளே ஒரு கப்பலின் படம். அதன் தளம் முழுக்க ஒடுங்கிய கண்களும் கறுத்த முகங்களும் கொண்ட மனிதர்கள். பற்கள் எலிப் பற்களாக வரையப்பட்டிருந்தன. விளையாட்டுத் திடலில் சில பையன்கள் என்னைப் பார்த்துச் சொல்லும் ஒரு சொல்லும் இருந்தது. அந்தச் சொல் அச்சில் வரும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

"இது எங்களையோ அப்பா?"

"ஓம்."

"அப்ப ஏன் அந்த அங்கிளுக்குத் தாங்க்ஸ் சொன்னனீங்கள்?"

அவர் என் கையில் இருந்த தாளை வாங்கி மடித்து மற்றவற்றோடு வைத்தார்.

கடைசியாக மூலை வீடு. வியட்நாமில் இருந்து படகில் வந்த ஒரு குடும்பம் அங்கே குடிவந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்காது. கணவன் ஏதோ ஆலையில் வேலை செய்தார், ஞாயிறும் போவார். மனைவி இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தார். மிக இளம் பெண். அப்பா தன் வாக்கியத்தைச் சொன்னார். அந்தப் பெண் விளங்காதது போலப் பார்த்தார். அப்பா அதை இன்னும் மெதுவாகச் சொல்லிவிட்டு, நான் எதிர்பாராத ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"கடை விளம்பரம். மலிவு விற்பனை. நேற்றோடு முடிந்துவிட்டது."

நான் அதிர்ந்துபோனேன். பொய் சொன்னதற்காக என்னை ஒருமுறை ஒரு நாள் முழுக்கப் பேசாமல் ஒதுக்கிவைத்த அப்பா!

அந்தப் பெண் உள்ளே திரும்பினார். திறந்த கதவின் ஊடாக மேசை தெரிந்தது. அதன்மேல் ஒரு தடித்த அகராதி விரித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பென்சில். அகராதியின் கீழே இருந்து தாளை உருவிக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் அப்பாவிடம் நீட்டினார். பல ஆங்கிலச் சொற்களின் கீழே கோடு இழுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும், புள்ளியும் தொப்பியும் வைத்த வியட்நாமிய எழுத்துகளில், மணி மணியாக ஏதோ எழுதப்பட்டிருந்தது. பக்கத்தின் அடிவரைக்கும் ஒரு வரியும் விடுபடவில்லை.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மலிவு விற்பனை" என்றார் அந்தப் பெண், அப்பாவின் முகத்தைப் பார்த்து, மெல்ல. "ஆம். முடிந்தது."

அந்தக் காலை முழுவதும் ஆங்கிலத்தில் மட்டுமே பேசிய அப்பா, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தமிழில் சொன்னார். அந்தப் பெண் தலையசைத்தார். என் சட்டை மடியில் இருந்த தக்காளிகளைக் கண்டு குழந்தை கையை நீட்டியது. நான் ஒன்றைக் கொடுத்தேன்.

அந்தக் குடும்பம் அடுத்த குளிர்காலம் வரை அங்கே இருந்தது. ஒரு காலை அவர்கள் முன்ஜன்னல் உடைந்து, அந்த இடத்தில் அட்டை ஒட்டப்பட்டிருந்தது. யார் கல் எறிந்தது என்று தெருவில் எவருக்கும் தெரியவில்லை என்றார்கள். கண்ணாடி மாற்றுவதற்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று கேட்கக்கூட எங்களுக்கு அவர்களின் பெயர் தெரியாது. டெபியின் தமையனை ஏதோ ஓர் ஊர்வலத்தில் பொலிஸ் பிடித்தது. டெபியின் தாய் வேலியோரம் வருவதை நிறுத்திக்கொண்டார். டெபியும் நானும் சண்டை போடவில்லை. பள்ளிக்குப் போகும்போது அவள் தெருவின் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நடக்கத் தொடங்கினோம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நாங்களும் வீடு மாறினோம். அம்மா காரணம் கேட்டபோது, புது இடம் அலுவலகத்துக்குக் கிட்ட என்று அப்பா சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மூலை வீட்டில் இருந்து திரும்பி நடக்கும்போது அப்பா மிக மெதுவாக நடந்தார். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் போல இருந்தது. அந்த அன்ரி ஆங்கிலம் படிக்கிறா, பாவம், ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தேட வேண்டியிருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்ச் சொல்லிக்கொடுக்கட்டோ என்று கேட்டேன்.

அப்பா நின்றார். என் தலையில் கையை வைத்தார். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். அவர் ஏன் மறுக்கிறார் என்று எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. அந்தப் பெண் கோடிட்டு வைத்திருந்த சொற்கள் எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பொருள் தெரியும் என்று அன்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.